சிம், போன், டவர்: 2ஜி முதல் 5ஜி வரை சிம் அட்டை எப்படி வேலை செய்கிறது? மலை ஊர்க்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

மன்னவனூரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் கடையின் கண்ணாடி மேசைமேல் புத்தம் புது 4ஜி போனை வைத்தார். மகன் மதுரையில் வாங்கிக் கொடுத்தனுப்பியது. "தம்பி, பேச முடியுது, ஆனா நெட்டு வரவே மாட்டேங்குது. போனு பழுதுன்னு ஊர்ல சொல்றாங்க. நீ பார்த்துச் சொல்லுப்பா" என்றார்.

ஊசியால் குத்திச் சிம் தட்டை வெளியே எடுத்தேன். உள்ளே இருந்த சிம்மின் ஓரம் ரம்பம் போலப் பல் பல்லாக இருந்தது. யாரோ கத்தரிக்கோலால் வெட்டிச் சிறிதாக்கியிருக்கிறார்கள். தங்க நிறத் தகட்டின் மூலையிலும் கத்தரி பட்டிருந்தது. பின்பக்கத்து எழுத்தெல்லாம் தேய்ந்துபோய், 32கே என்ற நினைவக அளவு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. பத்துப் பதினைந்து வருடம் பட்டன் போனில் கிடந்த 2ஜி சிம் அது. போனில் எந்தப் பழுதும் இல்லை.

கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் செல்போன் கடையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இந்தக் காட்சி வாரம் தவறாமல் வரும். பூம்பாறை, கூக்கால், பூண்டி, கிளாவரை என்று மேல்மலைக் கிராமங்களிலிருந்து ஒரு நாள் வேலையை விட்டு, பஸ் பிடித்து வருகிறார்கள். சிம்மில் இருக்கும் குறைக்குப் போனை மாற்றுகிறார்கள். போனில் இருக்கும் குறைக்குச் சிம் கம்பெனியை மாற்றுகிறார்கள். சிம் அட்டை உண்மையில் என்ன செய்கிறது என்று தெரிந்துவிட்டால் இந்த வீண் செலவில் பாதி மிச்சமாகும். அதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

சிம்முக்குள் இருப்பது உங்கள் நம்பர் அல்ல

பலர் நினைப்பது போல உங்கள் பத்து இலக்க நம்பர் சிம்மில் குடியிருப்பதில்லை. அது கம்பெனியின் பதிவேட்டில் இருக்கிறது. சிம்மில் இருப்பது வேறு ஓர் அடையாள எண், அதிகபட்சம் 15 இலக்கம். அதன் பெயர் ஐ.எம்.எஸ்.ஐ. முதல் மூன்று இலக்கம் நாட்டைச் சொல்லும். இந்திய சிம்களில் பெரும்பாலும் 404 அல்லது 405. அடுத்து வருவது எந்தக் கம்பெனி, எந்தத் தொலைத்தொடர்பு வட்டம் என்பதற்கான குறியீடு. தமிழ்நாட்டு வட்டத்துக்கு ஒன்று, கேரள வட்டத்துக்கு வேறொன்று. இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள், எல்லையோர ஊர்களைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

அட்டையின்மேல் அச்சடித்திருக்கும் 19 அல்லது 20 இலக்க எண் இன்னொன்று. அது அட்டையின் வரிசை எண். நம் ஊர் அட்டைகளில் 8991 என்று தொடங்கும். 89 என்றால் தொலைத்தொடர்பு, 91 இந்தியா. சிம் தொலைந்து புதிது வாங்கினால் இந்த வரிசை எண்ணும் உள்ளிருக்கும் அடையாள எண்ணும் மாறிவிடும். கம்பெனிக்காரர் தம் பதிவேட்டில் பழைய அடையாளத்தை அடித்துவிட்டுப் புதியதை உங்கள் நம்பருக்கு நேரே எழுதுகிறார், அவ்வளவுதான். அதனால்தான் அட்டை போனாலும் நம்பர் போவதில்லை.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இந்த அட்டையே இருக்கிறது. அது 128 பிட் நீளமுள்ள ஒரு ரகசியச் சாவி. இந்தச் சாவி உங்கள் சிம்மில் ஒன்று, கம்பெனியின் பாதுகாப்புக் கணினியில் ஒன்று என இரண்டே இடத்தில் இருக்கும். போனுக்குக்கூட அது தெரியாது. சிம் அதை வெளியே சொல்லவே சொல்லாது.

சொல்லாமல் எப்படி ஆளை அடையாளம் காண்பது? ஒதுக்குப்புறமான தோட்ட வீட்டில் ராத்திரி யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவர் திறப்பதற்கு முன் "யாரது?" என்பார். குரலில் சந்தேகம் வந்தால், வீட்டு ஆளுக்கு மட்டுமே விடை தெரிந்த ஒரு கேள்வி கேட்பார். நேற்றுக் கேட்ட கேள்வியை இன்று கேட்கமாட்டார், ஒட்டுக் கேட்டவன் விடையைச் சொல்லிவிடுவானே! டவரும் இதையே செய்கிறது. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு தற்செயல் எண்ணை அனுப்புகிறது. சிம் அந்த எண்ணையும் தன் ரகசியச் சாவியையும் கலந்து ஒரு கணக்குப் போட்டு விடையை மட்டும் திருப்பி அனுப்புகிறது. கம்பெனியும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். இரண்டு விடையும் ஒன்றானால் உள்ளே விடும்.

கணக்குப் போட வேண்டுமென்றால் அது கணினியாக இருக்க வேண்டும். ஆமாம், சிம் ஒரு குட்டிக் கணினிதான். அதற்கென்று செயலி உண்டு, நினைவகம் உண்டு. தங்க நிறத் தகட்டில் தெரியும் கட்டங்களில் ஒன்று மின்சாரம் வாங்க, ஒன்று கடிகாரத் துடிப்புக்கு, ஒன்று தகவல் போய்வர. கத்தரிக்கோல் அந்தத் தகட்டில் படக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். மிகப் பழைய சிம்கள் 5 வோல்ட்டில் மட்டும் ஓடும். இப்போதைய போன்கள் 3 வோல்ட்டும் 1.8 வோல்ட்டும்தான் தரும். அதனால் சில பழைய அட்டைகளைப் புதுப் போன் கண்டுகொள்வதே இல்லை.

ஒவ்வொரு தலைமுறையும் சிம்மிடம் என்ன கேட்கிறது

உலகின் முதல் சிம் அட்டைகளை 1991இல் ஜெர்மனியின் மியூனிக் நகரத்து கீசெக் அண்ட் டெவ்ரியன்ட் நிறுவனம் செய்தது. முதல் 300 அட்டைகள் பின்லாந்தின் ரேடியோலின்யா நிறுவனத்துக்குப் போயின. 2ஜி அதாவது ஜி.எஸ்.எம். சேவையும் அதே ஆண்டு அங்கேதான் தொடங்கியது. இந்தியாவில் முதல் செல்போன் பேச்சு 1995 ஜூலை 31 அன்று.

2ஜியில் கேள்வி ஒரு பக்கம்தான். டவர் சிம்மைச் சோதிக்கும். சிம் டவரைச் சோதிக்காது. கதவைத் தட்டுபவரிடம் கேள்வி கேட்கிறோம், ஆனால் அது உண்மையிலேயே நம் வீட்டுக் கதவுதானா என்று தட்டுபவருக்குத் தெரியாது. போலி டவர் வைத்து ஏமாற்ற இந்த ஓட்டை இடம் கொடுத்தது. தொடக்க காலத்தில் பல கம்பெனிகள் பயன்படுத்திய கணக்கு முறை 1998இல் உடைபட்டு, சிம்மை நகல் எடுக்கும் வழியும் வெளியே வந்தது.

நம் ஊரில் இன்னொரு கிளையும் இருந்தது, சி.டி.எம்.ஏ. ரிலையன்ஸ் 2002 டிசம்பரில் கொண்டுவந்த போன்களை நடுவயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவற்றில் சிம் போட இடமே கிடையாது. அடையாளமும் சாவியும் போனுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். போனை மாற்ற வேண்டுமானால் கம்பெனியிடம் போய் புதுப் போனில் நம்பரை எழுதி வாங்க வேண்டும். கம்பி இழுக்க முடியாத மலைக் கிராமங்களில் பி.எஸ்.என்.எல். கொடுத்த ஆன்டெனா வைத்த மேசை போன்களிலும் இதே சி.டி.எம்.ஏ. நுட்பம் இருந்தது. பின்னால் அந்த முறைக்கும் அட்டை வந்தது, ஆர்-யூ.ஐ.எம். என்று பெயர். பார்க்கச் சிம் போலவே இருக்கும். வீட்டுப் பெட்டியில் அப்படி ஒன்று கிடந்தால் எந்தப் போனிலும் போட்டுப் பார்த்து நேரம் கழிக்க வேண்டாம். அதற்கான டவர்களே இப்போது நம் பக்கம் இல்லை.

3ஜி வந்தபோதுதான் பெரிய மாற்றம். அதுவரை சிம் என்றால் அட்டையும் அதற்குள் ஓடும் நிரலும் ஒன்றே. 3ஜியில் அட்டை வேறு, நிரல் வேறு என்று பிரித்தார்கள். அட்டைக்குள் யூ-சிம் என்ற புது நிரல் வந்தது. பழைய டவருக்காகப் பழைய 2ஜி நிரலையும் பெரும்பாலும் அதே அட்டையில் வைத்தார்கள். யூ-சிம் இரண்டு பக்கமும் சோதிக்கும். டவர் கேள்வியோடு தன் அடையாள முத்திரையையும் அனுப்ப வேண்டும்; அது சரியாக இருந்தால்தான் சிம் விடை சொல்லும். அந்த முத்திரைக்குள் ஒரு வரிசை எண்ணும் உண்டு. பழைய கேள்வியை ஒட்டுக் கேட்டு வைத்திருந்து மறுபடி அனுப்பினால் சிம் மறுத்துவிடும்.

4ஜி இதில் கறாராக இருக்கிறது. யூ-சிம் நிரல் இல்லாத பழைய 2ஜி அட்டையை 4ஜி டவர் சேர்க்கக் கூடாது என்பது சர்வதேச விதி. 3ஜி வரை பழைய அட்டைக்கு இடம் உண்டு, 4ஜியில் இல்லை. மன்னவனூர்ப் பெரியவரின் சிக்கல் முழுவதும் இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. போன் 4ஜி, டவர் 4ஜி, அட்டை மட்டும் 2ஜி. டவர் அவரை 2ஜிக்கு அனுப்பிவிட்டது. அதனால் பேச முடிந்தது, வாட்ஸ்அப் வரவில்லை. ஏர்டெல் 2020இலேயே 3ஜியை மூடிவிட்டது. நடுவில் இருந்த அந்தப் படிக்கட்டு போனபின், 4ஜியில் ஏற முடியாதவர் நேராக 2ஜியில்தான் விழுவார்.

4ஜியில் இன்னொரு விஷயம். பேச்சுக்கென்று அதில் தனிப் பாதை கிடையாது. பேச்சும் இணையத் தகவலாகத்தான் போகும். அதைத்தான் வோல்ட்டி என்கிறோம். போனில் வோல்ட்டி இல்லை அல்லது அணைத்து வைத்திருக்கிறீர்கள் என்றால், கால் வரும் நேரத்தில் போன் 2ஜிக்கு இறங்கிப் பேசிவிட்டு மறுபடி ஏறும். ஜியோவுக்கு 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. 2016 செப்டம்பரில் சேவை தொடங்கியதே 4ஜியில்தான். அங்கே இறங்கப் படியே கிடையாது என்பதால் வோல்ட்டி இல்லாத போனில் நெட் ஓடும், கால் போகாது. பழைய 2ஜி பட்டன் போனில் போட்டாலோ ஒன்றுமே வராது.

5ஜி இந்தியாவில் 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. ஜியோவும் ஏர்டெலும் இருக்கிற 4ஜி சிம்மிலேயே 5ஜி தருகின்றன. 5ஜிக்கென்று சிம் மாற்ற வேண்டும் என்று யாராவது போனில் ஓ.டி.பி. கேட்டால் அது மோசடி, உடனே வையுங்கள். ஆனாலும் 5ஜிக்கென்றே செய்த அட்டையில் ஒரு கூடுதல் காப்பு உண்டு. 4ஜி வரை, போன் புதிதாக இணையும்போது அடையாள எண்ணைத் திறந்தபடியே காற்றில் அனுப்ப நேரும். 5ஜியில் கம்பெனியின் பொதுச் சாவி ஒன்றை அட்டையிலேயே வைத்து, அதைக்கொண்டு அடையாள எண்ணைப் பூட்டி அனுப்பலாம். அந்தச் சாவி இல்லாத பழைய 4ஜி அட்டையில் வேகம் கிடைக்கும், இந்தப் பூட்டு கிடைக்காது.

அளவைப் பற்றிச் சுருக்கமாக: முதல் சிம்கள் ஏ.டி.எம். கார்டு அளவு. பிறகு 25க்கு 15 மி.மீ., அப்புறம் 15க்கு 12, இப்போது நானோ 12.3க்கு 8.8. நானோ மட்டும் தடிமனும் குறைவு, மற்றவை 0.76 மி.மீ., இது 0.67. கத்தரித்த சிம் தட்டில் சிக்கிக்கொண்டு வெளியே வராமல் போவது இதனால்தான். அளவு வேறு, தலைமுறை வேறு. நானோவாக வெட்டினாலும் 2ஜி சிம் 2ஜி சிம்தான்.

முதல் படி: எதில் குறை என்று மாற்றிப் போட்டுக் கண்டுபிடியுங்கள்

சிம், போன், டவர் இந்த மூன்றில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் குழம்பிவிடும்.

அதே கம்பெனியின் சிம்மில் நன்றாக நெட் ஓடும் ஒருவரைப் பக்கத்து வீட்டிலோ டீக்கடையிலோ பிடியுங்கள். அவர் சிம்மை உங்கள் போனில், அதே துளையில் போடுங்கள். நெட் வந்தால் போனும் டவரும் சரி, குறை உங்கள் சிம்மிலோ உங்கள் திட்டத்திலோ. வரவில்லையானால் உங்கள் சிம்மை அவர் போனில் போடுங்கள். அங்கே வந்தால் குறை உங்கள் போனில். இரண்டு போனிலும் இரண்டு சிம்மிலும் வராவிட்டால் டவர்தான். ஐந்து நிமிட வேலை, ஒரு பைசா செலவில்லை.

துளையையும் சேர்த்துப் பாருங்கள். கொஞ்சம் பழைய இரட்டை சிம் போன்களில் முதல் துளைக்கு மட்டும் 4ஜி, இரண்டாவது துளை 2ஜியோடு நின்றுவிடும். அதில் ஜியோ சிம்மைப் போட்டு "சிம் செத்துப்போச்சு" என்று கொண்டுவருவார்கள். துளை மாற்றினால் உயிர் வந்துவிடும். பெரும்பாலான இரட்டை சிம் போன்களில் ஒரு சிம்மில் பேசிக்கொண்டிருக்கும்போது மற்றதுக்குக் கால் வராது. அதுவும் பழுதல்ல, இரண்டு சிம்முக்கும் வானொலிப் பகுதி ஒன்றே என்பதுதான் காரணம்.

இரண்டாம் படி: போன் அந்த அலைவரிசையைப் பிடிக்குமா?

4ஜி என்று பெட்டியில் எழுதியிருந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு கம்பெனியும் வெவ்வேறு அலைவரிசைகளில் 4ஜி தருகிறது. அவற்றுக்கு எண் உண்டு, பேண்டு 3, பேண்டு 5, பேண்டு 40 என்று. பி.எஸ்.என்.எல். உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் அமைத்துவரும் 4ஜி முக்கியமாக 700 மெகாஹெர்ட்ஸிலும் 2100 மெகாஹெர்ட்ஸிலும் ஓடுகிறது, அதாவது பேண்டு 28ம் பேண்டு 1ம். 700 போன்ற தாழ்ந்த அலைவரிசை தூரம் போகும், மரங்களையும் சுவர்களையும் ஓரளவு தாண்டும். மலைக்கு இது நல்ல செய்தி. ஆனால் சில பழைய 4ஜி போன்களில் பேண்டு 28 கிடையாது. வாங்கும் முன் போன் மாடலின் பேண்டு பட்டியலைக் கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டாம். சொல்ல வேண்டியது அவர் கடமை.

பட்டன் போன் வாங்குகிறவர்கள் "4ஜி, வோல்ட்டி, நான் வைத்திருக்கும் கம்பெனி சிம்மில் பேச முடியுமா" என்று மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். ஒரே கம்பெனி சிம்மை மட்டும் ஏற்கும்படி பூட்டிய போன்களும் உண்டு.

மூன்றாம் படி: டவரைத் தேடிப் பார்ப்பது, தடைப் பட்டியலை அழிப்பது

எல்லாவற்றையும்விடக் குறைவாகத் தெரிந்த விஷயம் இதுதான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

சிம்முக்குள் ஒரு சிறிய தடைப் பட்டியல் இருக்கிறது. வழக்கமாக நான்கு நெட்வொர்க்குகளுக்கு இடம். ஏதாவது ஒரு நெட்வொர்க் "உனக்கு இங்கே அனுமதி இல்லை" என்று மறுத்தால், அதன் குறியீட்டைப் போன் சிம்மில் எழுதி வைத்துவிடும். அடுத்த முறை அந்தப் பக்கமே தானாகப் போகாது. போனை அணைத்து எழுப்பினாலும், வேறு போனுக்கு மாற்றினாலும் பட்டியல் அட்டையோடு கூடவே போகும்.

கிளாவரை, பூண்டி பக்கம் கேரள எல்லை நெருங்கிவிடும். நீலகிரியில் கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்குக் கேரளமும் கர்நாடகமும் இரண்டுமே பக்கம். மசினகுடியிலிருந்து பந்திப்பூர் தாண்டும்போதே வட்டம் மாறிவிடும். அங்கெல்லாம் போன் ஒரு வளைவில் தமிழ்நாட்டு டவரையும் அடுத்த வளைவில் அயல் வட்டத்து டவரையும் பிடிக்கும். ஏதோ ஒரு நேரத்தில் ஒன்று மறுத்து, அது பட்டியலில் ஏறிவிட்டால், பிறகு டவர் பக்கத்திலேயே இருந்தாலும் போன் அதைத் தேடாது.

சரி செய்யும் முறை: அமைப்புகளில் சிம் அல்லது மொபைல் நெட்வொர்க் பகுதிக்குப் போங்கள். நெட்வொர்க்கைத் தானாகத் தேர்ந்தெடு என்பதை அணையுங்கள். போன் தேட ஆரம்பிக்கும். இரண்டு மூன்று நிமிடம்கூட ஆகலாம், பொறுமையாக இருங்கள். வரும் பட்டியலில் உங்கள் கம்பெனி பெயரை நீங்களே தொட்டுத் தேர்ந்தெடுங்கள். அந்த நெட்வொர்க் ஏற்றுக்கொண்டால் தடைப் பட்டியலிலிருந்து அதன் பெயர் நீங்கிவிடும். பிறகு மறக்காமல் தானாகத் தேர்வு என்பதை மறுபடி போட்டுவிடுங்கள். போடாமல் விட்டால் வத்தலக்குண்டுக்கு இறங்கும்போதோ எல்லை தாண்டும்போதோ போன் ஊமையாகிவிடும்.

நெட்வொர்க் முழுவதையும் மறுக்காமல் "இந்த வட்டாரத்தில் மட்டும் கூடாது" என்று சொல்லும் தடையும் உண்டு. அது போனின் தற்காலிக நினைவில் நிற்கும். போனை முழுதாக அணைத்து எழுப்பினால் போய்விடும். அதனால் முதலில் அணைத்துப் பாருங்கள், தீராவிட்டால் கையால் தேடுங்கள்.

எல்லையோரத்தில் கால் வந்து நெட் மட்டும் வராவிட்டால் டேட்டா ரோமிங் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அதே கம்பெனியாக இருந்தாலும் அயல் வட்டத்தின் குறியீடு வேறு என்பதால் சில போன்கள் அதை வெளியூராக எண்ணி நெட்டை நிறுத்திவிடும்.

சிக்னல் கோடு இருக்கிறது, கால் போகவில்லை என்பது மலைக்கே உரிய இன்னொரு தொல்லை. கோக்கர்ஸ் வாக்கில் நின்றால் கீழே பெரியகுளம் பக்கத்துச் சமவெளி முழுவதும் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரிவது போலவே போனுக்கும் எங்கெங்கோ இருக்கும் டவர்கள் கேட்கும். ஆனால் 2ஜியில் வழக்கமான டவர் ஒன்று ஏறக்குறைய 35 கி.மீ. வரைதான் பேசும். அதற்கு மேல் போனின் குரல் தாமதமாகப் போய்ச் சேரும், டவர் ஏற்காது. கேட்கும், பதில் சொல்ல முடியாது. இதற்குச் சிம்மை மாற்றிப் பயனில்லை. பத்தடி நகர்ந்து, மலைச் சரிவு அந்தத் தூரத்து டவரை மறைக்கும்படி நின்றால் பக்கத்து டவர் பிடிக்கும்.

நான்காம் படி: சிம்மை மாற்றுவது

குறை சிம்மில்தான் என்று உறுதியானால், முதலில் பெயர்களைக் காப்பாற்றுங்கள். பழைய சிம்மில் 250 பேர் வரை சேமித்திருக்கலாம்; அட்டை மாறினால் அவை வராது. போனின் தொடர்புகள் பகுதியில் சிம்மிலிருந்து இறக்குமதி என்று கொடுத்துப் போனுக்கு மாற்றுங்கள். பெரியவருடைய அட்டையில் 83 பெயர்கள் இருந்தன. பூண்டு வாங்கும் வடுகபட்டி வியாபாரி, டெம்போ டிரைவர், மாட்டு டாக்டர் என்று பதினைந்து வருட வாழ்க்கை அதில் இருந்தது. தகட்டில் கத்தரி பட்ட அட்டை என்பதால் இரண்டு முறை படிக்க மறுத்தது. மெல்லிய உலர்ந்த துணியால் துடைத்து, மூன்றாவது முறை போட்டதும் எல்லாம் வந்தது. பனியும் ஈரமும் உள்ள ஊரில் தகடு மங்குவது வழக்கம். உலர்ந்த துணி போதும், உப்புத்தாள் கூடாது.

அடுத்து, நம்பரின் சொந்தக்காரரே ஆதாருடன் கடைக்கு வர வேண்டும். நம்பர் மகன் பேரில் இருந்தால் மகன்தான் வர வேண்டும். இது தெரியாமல் மேல்மலையிலிருந்து வந்து திரும்பிப் போனவர்கள் நிறையப் பேர். கிளம்பும் முன் நம்பர் யார் பேரில் என்று வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாளைப் பார்த்து மாற்றுங்கள். புதுச் சிம் உயிர்பெற்ற பின் 24 மணி நேரத்துக்கு எஸ்.எம்.எஸ். வராது, போகாது. உங்கள் நம்பரைத் திருடி வேறு சிம்மில் ஏற்றி, பேங்க் ஓ.டி.பி. வாங்கிப் பணம் எடுக்கும் மோசடியைத் தடுக்க அரசு வைத்த காப்பு இது. பணம் அனுப்ப வேண்டிய நாளிலும், ஓ.டி.பி. தேவைப்படும் எந்த விண்ணப்பத்துக்கு முந்தின நாளிலும் சிம் மாற்ற வேண்டாம். மாற்றிய 7 நாளுக்குள் வேறு கம்பெனிக்குத் தாவவும் முடியாது. 2024 ஜூலை 1 முதல் இந்த விதி.

கம்பெனியே மாற நினைத்தால், ஆங்கிலத்தில் போர்ட் என்று தட்டி, இடைவெளி விட்டு உங்கள் நம்பரை எழுதி 1900க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். எட்டு எழுத்துக் குறியீடு வரும். அதைப் புதுக் கம்பெனி கடையில் கொடுத்தால் நம்பர் மாறாமல் அட்டை மாறும். ஆனால் அதற்கு முன், அந்தக் கம்பெனி சிம் வைத்திருக்கும் ஒருவரை உங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போய், சமையலறையிலும் தோட்டத்திலும் நின்று பேசிப் பாருங்கள். மலையில் ஒரு மேடு தாண்டினால் கதை வேறு. அடுத்த ஊர்க்காரர் சொன்னதை நம்பி மாறாதீர்கள்.

ஐந்தாம் படி: டவரே இல்லாத வீட்டில் சிம்மை வைஃபையில் பேச வைப்பது

பள்ளத்தில் இருக்கும் வீடுகளுக்கு இது வரப்பிரசாதம். வீட்டுக்கு இணையக் கம்பி வந்துவிட்டது, ஆனால் போனில் ஒரு கோடுகூட இல்லை என்றால், அமைப்புகளில் வைஃபை காலிங் என்பதைப் போடுங்கள். போன் இணையத்தின் வழியாகக் கம்பெனியைத் தொடர்புகொள்ளும். அங்கும் அதே கேள்வி, அதே ரகசியச் சாவி, அதே விடை. டவருக்குப் பதில் வைஃபை, வேறு வித்தியாசம் இல்லை. வருகிற கால் உங்கள் வழக்கமான நம்பருக்கே வரும். ஏர்டெலும் ஜியோவும் 2019 டிசம்பர், 2020 ஜனவரி வாக்கில் இதைத் தொடங்கின. தங்கும் விடுதி நடத்துகிறவர்கள் வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லிக் கொடுத்தால் "சிக்னலே இல்லை" என்ற குறை பாதி தீரும்.

இ-சிம் வேண்டுமா?

இ-சிம் என்றால் போனின் பலகையிலேயே பற்றவைத்த சிப். அட்டைக்குள் இருக்கும் நிரலும் சாவியும் இணையம் வழியாக அதில் இறங்கும். சாவி, கேள்வி, விடை எல்லாம் பழையபடியே. தொலையாது, ஈரம் பிடிக்காது, திருடியவன் கழற்றி எறிய முடியாது. இவ்வளவு நன்மை இருந்தும், மலையில் இருப்பவர்கள் முக்கியமான நம்பரை அட்டையிலேயே வையுங்கள் என்பேன். போன் தண்ணீரில் விழுந்தால் அட்டையை எடுத்துப் பக்கத்து வீட்டுப் பட்டன் போனில் போட்டு அடுத்த நிமிடம் பேசலாம். இ-சிம்மை மாற்ற வேறொரு இ-சிம் போனும் நல்ல இணையமும் வேண்டும். மண் சரிந்து ரோடு அடைபட்ட நாளில் அவை கிடைக்காது. இரண்டாவது நம்பருக்கு இ-சிம் வைத்துக்கொள்ளலாம், தடையில்லை.

பூட்டும், தொலைந்தால் செய்வதும்

சிம்முக்கென்று தனிப் பூட்டு உண்டு, பின் எண். போட்டுவிட்டால் போனைத் திருடியவன் சிம்மை வேறு போனில் போட்டு ஓ.டி.பி. வாங்க முடியாது. மூன்று முறை தவறாகத் தட்டினால் பூட்டிக்கொள்ளும். திறக்க பி.யூ.கே. என்ற எட்டு இலக்க எண் வேண்டும். கம்பெனியிடம் கேட்டால் தருவார்கள். அதையும் பத்து முறை தவறாகப் போட்டால் அட்டை நிரந்தரமாகச் செத்துவிடும், நானோ வேறு யாருமோ எழுப்ப முடியாது. குழந்தை கையில் போனைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் கவனம்.

போன் தொலைந்தால் இரண்டு வேலை, இரண்டும் வேறு வேறு. சிம்மை முடக்குவது கம்பெனியின் வேலை. வேறு போனிலிருந்து உடனே கூப்பிட்டுச் சொல்லுங்கள், பேங்குக்கும் சொல்லுங்கள். போனை முடக்குவது போலீஸ் புகாருக்குப் பின் அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில். அதற்குப் போனின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் தேவை. இந்த எண் போனுக்குச் சொந்தம், சிம்முக்கு அல்ல. உங்கள் பேரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதையும் அதே தளத்தில் பார்க்கலாம். தெரியாத நம்பர் இருந்தால் அங்கேயே தெரிவிக்கலாம்.

பெரியவருக்குப் புதுச் சிம் உயிர்பெறும் வரை கடையிலேயே உட்காரச் சொன்னேன். அந்த நேரத்தில் *#06# தட்டி, திரையில் வந்த எண்ணையும் புதுச் சிம்மின் பின்னால் இருந்த வரிசை எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். நான்காக மடித்து ஆதார் அட்டை இருந்த பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டார். மேலே 4ஜி என்று எழுத்து வந்ததும் மகனுக்கு வீடியோ கால் போட்டுக் கொடுத்தேன்.